கடைசி மூன்று பக்கங்கள்

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதமும், அதனுடன் நீ அனுப்பிய கதையின் கையெழுத்துப் பிரதியும் சென்ற மாதமே வந்து சேர்ந்தன. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் அசட்டை அன்று. கதையை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் நெஞ்சு கனத்தது, மூன்று முறையும் ஒரே இடத்தில் மனம் கதையை விட்டு விலகிற்று. அவ்விரண்டு இடங்களைப் பற்றியும் உனக்கு மறைக்காமல் எழுதவேண்டும் என்று தோன்றிற்று. எழுதும் வகை எனக்குப் பிடிபட இத்தனை நாள் ஆயிற்று.

நெஞ்சு கனத்த இடம் இது. தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூரில், உபதேசியாரின் மனைவி, காய்ச்சலுக்கு ஒரே மகளைப் பறிகொடுத்தபின் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். ஊரார் பேசுகிறார்கள், கணவர் கெஞ்சுகிறார், சேகரத்து ஐயரவர்கள் வந்து ஜெபித்துவிட்டுப் போகிறார், அவள் ஒருவருக்கும் மறுமொழி சொல்வதில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் பொழுது சாயும் வேளையில், ஆளில்லாத கோவிலுக்குள் நுழைந்து, கல்யாணமாகி வந்த நாள் முதல் தன் கைவேலையாக இருந்துவந்த கோவில் பணியை விட மனமில்லாதவளாய், தரையைப் பெருக்கி, பாய்களை உதறி விரித்து, விளக்குக் கண்ணாடியைத் துடைத்துவைத்துவிட்டு, பீடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே வெளியே வந்துவிடுகிறாள். தம்பி, விசுவாசத்தைப் பற்றியும் அதன் முறிவைப் பற்றியும் நான் படித்த எத்தனையோ பிரசங்கங்கள் சொல்லாததை அந்தத் துடைப்பம் சொல்லிற்று. அவள் தேவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள், வீட்டைவிட்டுப் போகவில்லை.

மனம் விலகிய இடம், கடைசி மூன்று பக்கங்கள். திடீரென்று மழை பெய்கிறது. தூரத்தில் பிள்ளைகள் பாமாலை பாடுகிறார்கள். அவள் முழங்காலில் விழுகிறாள். கண்ணீர், சமாதானம், முற்றும். அதை நீயே நம்பி எழுதவில்லை என்பதற்கு உன் வாக்கியங்களே சாட்சி. அதுவரை சாத்தான்குளத்துப் பக்கத்துப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தவர்கள், அந்த மூன்று பக்கங்களில் மட்டும் கன்வென்ஷன் மேடையிலிருந்து பேசுகிறார்கள்.

இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உன் வயதில் நானும் இதையே செய்தேன். எங்கள் ஊரில் குடிப்பழக்கத்திலிருந்து மீள முடியாமல் தவித்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த நான், அவர் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் மனந்திரும்பிக் குடியை விட்டுவிட்டதாக ஒரு கதை எழுதினேன். ஒரு சபைப் பத்திரிகை அதை அச்சிட்டது. என் தகப்பனார் மகிழ்ந்து பத்துப் பிரதிகள் வாங்கிக் கொடுத்தார். பெயரை மாற்றியிருந்தாலும் ஆளை யாருக்கும் தெரியாமல் இல்லை. ஒரு நாள் மாலை அந்தப் பெரியவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "நாலு பக்கத்துல என்னத் திருத்திப்புட்டியேப்பா; நாப்பது வருசமா அழுது ஜெபம் பண்ணியும் எனக்கு அது நடக்கலியே" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் சாகும்வரை குடித்தார். சாகும்வரை கோவிலில் கடைசித் தூணோரம் உட்கார்ந்து ஜெபமும் செய்தார். அவ்விரண்டும் சேர்ந்ததே அவர். அயலானைக் குறித்துப் பொய்ச் சாட்சி கூறலாகாது என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்திருந்த நான், தேவனுக்கு மகிமை உண்டாகட்டும் என்ற எண்ணத்தோடேயே அந்தக் கட்டளையை மீறியிருந்தேன்.

நீ உன் கடிதத்தில் எழுதியிருந்த ஒன்றுக்கு இங்கே வருகிறேன். அந்தத் தாய் தேவன்மேல் கொண்ட கோபத்தை எழுதிய இரவில், பேனாவை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு ஜெபித்ததாகவும், அந்தப் பயத்தினாலேயே முடிவை மாற்றியதாகவும் எழுதியிருந்தாய். ஜெபித்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் கோபத்தை எழுதியது பாவம் என்று உனக்கு யார் சொன்னார்கள்? யோபின் புஸ்தகத்தை எடுத்துப் பொறுமையாக வாசித்துப்பார். பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு முன்னால் அவனுடைய மூன்று சிநேகிதர்கள் அதிகாரம் அதிகாரமாக தேவநீதியை விளக்குகிறார்கள். தனித்தனியே எடுத்துப்பார்த்தால் அவர்கள் வாக்கியங்களில் பல, எந்தப் பிரசங்கபீடத்திலும் ஏறத் தகுந்தவை. யோபோ வழக்காடுகிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான், நியாயம் கேட்கிறான். இறுதியில் கர்த்தருடைய கோபம் மூண்டது தம்மை ஆதரித்துப் பேசிய அந்தச் சிநேகிதர்கள்மேல். தம்மைக் குறித்துச் சரியானபடி பேசியவன் யோபு என்று அவரே தீர்ப்புச் சொன்னதாக அப்புஸ்தகம் கூறுகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் பார்: மற்றப் புலம்பல்கள் ஏதோ ஒரு நம்பிக்கையின் விளிம்பிலாவது போய் நிற்க, இது இருளிலேயே முடிகிறது; அதற்கு இன்னொரு நல்ல வசனம் சேர்த்து முடித்துவைக்கவேண்டும் என்று எந்தப் பரிசுத்தவானுக்கும் தோன்றவில்லை. உன் கடைசி மூன்று பக்கங்கள் அந்தச் சிநேகிதர்களின் பக்கங்கள், தம்பி.

நம் ஆண்டவர் கதை சொன்ன விதத்தையும் யோசித்துப்பார். இளைய குமாரன் வீடு திரும்பிய கதையை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அது அவன் திரும்பி வந்ததோடு முடிந்ததாகவே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே கீதவாத்தியமும் விருந்தும் நடக்க, மூத்தவன் கோபித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறான். அவ்வளவோடு கதை நிற்கிறது. மூத்தவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பரிசேயரே அந்த மூத்தவர்கள் ஆகையால், பதிலை அவர்களே தங்கள் கால்களால் எழுதவேண்டியிருந்தது. அவன் மனங்கரைந்து உள்ளே ஓடினான் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தக் கதை அன்றைக்கே செத்துப்போயிருக்கும்.

இந்தச் சோதனை பெரியவர்களையும் விடவில்லை. கணவனுக்கு விஷமிட்ட தெரேஸ் என்ற பெண்ணை 1927-இல் நாவலாக எழுதிய பிரெஞ்சுக் கத்தோலிக்க ஆசிரியர் பிரான்சுவா மோரியாக், அவளை எப்படியாவது இரட்சிப்பின் கரையில் சேர்த்துவிட வேண்டும் என்று ஏங்கினார், பின்னர் 1935-இல் அவளுடைய கதையைத் தொடர்ந்தபோது, அவள் பாவசங்கீர்த்தனம் செய்யும் பக்கங்களை எழுதவும் எழுதினார், எழுதியவற்றை அழித்துவிட்டார். அவளுடைய சங்கீர்த்தனத்தைக் கேட்கவேண்டிய குருவானவரைத் தம் மனக்கண்ணால் காண முடியவில்லை என்பதே அதற்கு அவர் முகவுரையில் சொன்ன காரணம். தாம் சிருஷ்டித்த பெண்ணின் ஆத்துமாவுக்காக ஏங்கிய ஒரு மனிதர், கண்ணால் காணாததை எழுதமாட்டேன் என்று அந்த ஏக்கத்தையே பலியிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவருக்கு 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

தஸ்தயேவ்ஸ்கியின் காரியம் இன்னும் ஆழமானது. அதில் உனக்கு நேரான பாடம் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்று வயது நிரம்பாத அவருடைய மகன் அலியோஷா, தகப்பனிடமிருந்து பெற்ற காக்காய்வலிப்பு நோயினாலேயே இறந்துபோனான். அடுத்த மாதம் அவர் ஆப்டினா மடத்துக்குப் போய், அம்புரோஸ் என்ற முதிய துறவியைக் கண்டு திரும்பினார். பிறகு எழுதிய 'கரமசோவ் சகோதரர்க'ளில் கதாநாயகனுக்குத் தம் குழந்தையின் பெயரை வைத்தார். குழந்தையை இழந்த ஒரு குடியானவப் பெண்ணை மடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தி அழவிட்டார். இவ்வளவும் ஒரு தகப்பனின் துக்கம். ஆனால் அதே புஸ்தகத்தில், பிள்ளைகள் படும் பாட்டைக் காரணங்காட்டி தேவனுடைய உலகத்தையே ஏற்கமறுக்கும் இவானுக்கு, எந்த நாஸ்திகனும் அதுவரை எழுதியிராத பலமான வாதத்தை, விசுவாசியான அவரே எழுதிக்கொடுத்தார். அந்த வாதத்துக்குப் பதில் போதுமானதாக இருக்குமோ என்று அவர் நடுங்கியதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. பதிலை அவர் எதிர்வாதமாக எழுதவில்லை. சோசிமா என்ற முதியவரின் வாழ்க்கையாக எழுதினார். உன் கதையில் அந்தப் பெண்ணைக் கேலி பேசும் பகுத்தறிவாளர் பள்ளி ஆசிரியர் ஒருவர் வருகிறாரே, அவருக்கு நீ பேசக்கொடுத்த வார்த்தைகள் யாவும் எளிதில் தோற்கக்கூடியவை. அவர் சொல்வதைக் கேட்டு உனக்கே ஓர் இரவு தூக்கம் கெடும்படி அவருக்குப் பேசக் கொடு.

அந்த நாவல் பத்திரிகையில் வெளிவரத் தொடங்கிய 1879-ஆம் ஆண்டிலேதான் நம் தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'மும் வெளியாயிற்று. அதை எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர் என்பதை நீ மறவாதே. ஆகையால், கிறிஸ்தவன் தமிழ்க் கதையுலகில் விருந்தாளியா என்று நீ கேட்டிருந்த கேள்விக்கு நான் அதிகம் எழுதப்போவதில்லை. அந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியவர்களில் நாமும் உண்டு.

பாஷையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஜப்பானியராகிய ஷூசாக்கு எண்டோ, சிறுவயதில் தாயின் விருப்பத்தால் தாம் பெற்ற கிறிஸ்தவத்தை, தம் உடம்புக்குப் பொருந்தாமல் தைக்கப்பட்ட அந்நிய உடுப்பு என்று வர்ணித்து, அதைத் தம் அளவுக்குத் திருத்தித் தைப்பதே தம் ஆயுட்கால வேலை என்றார். நமக்கு அந்தச் சங்கடம் அவ்வளவு இல்லை. வைஷ்ணவராய்ப் பிறந்து கம்பனில் ஊறிய கிருஷ்ண பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் பனியனுடைய கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிக'த்தை 1894-இல் வெளியிட்டபோதே அந்த உடுப்பு தமிழ் உடம்புக்கு இசைந்துவிட்டது. நம்முடைய சங்கடம் வேறு: நமக்கு வேதாகமத் தமிழ் ஒன்று உண்டு, வீட்டுத் தமிழ் ஒன்று உண்டு, பத்திரிகைத் தமிழ் ஒன்று உண்டு, எழுத உட்காரும்போது முதலாவது வந்து மற்ற இரண்டையும் அமுக்கிவிடுகிறது. அதை விரட்டச் சொல்லவில்லை. அது மனிதர் வாயில் எப்படிப் புழங்குகிறது என்று கேள். கருவாட்டுக்காரியோடு விலை பேசித் தீர்ந்தபின் "கர்த்தருக்குச் சித்தமானா அடுத்த வாரம் வாங்குறேன்" என்கிற கிழவியிடம் அது உயிரோடு இருக்கிறது. தேவதூதன் என்று நாம் சொல்வதைக் கடற்கரைக் கத்தோலிக்கர் சம்மனசு என்கிறார்கள். நம்மைப் பார்த்து வேதக்காரர் என்கிற அயலார் வாயில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு ருசி. 1964-இல் 'புத்தம் வீடு' நாவலை எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசன், கல்லூரியில் ஆங்கிலம் போதித்தவர். பனைவிளைகளின் பேச்சைத் துளியும் கூசாமல் எழுதினார். அந்த நாவலில் பிரசங்கம் இல்லாமலே ஒரு கிறிஸ்தவ வீடு நடமாடுகிறது. அதை நீ வாசித்ததில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்துவைத்துவிட்டு அதை முதலில் வாசி.

ஜெபிக்கும் காட்சிகளில் சொல்லப்படும் ஜெபத்தை முழுதும் எழுதிவிடும் பழக்கம் உனக்கு இருக்கிறது. ஆமென் வரைக்கும் எழுதாதே. பாய்க்கோரை முழங்காலில் பதிந்த தழும்பையும், பாதியில் வேறெங்கோ போய்விட்ட நினைவையும் எழுது. ஜெபித்துப் பழகிய வாசகன் மீதியை அறிந்துகொள்வான், பழகாதவனுக்கும் அப்போதுதான் அது விளங்கும்.

சபையாருக்குப் பயப்படுகிறேன் என்றாய், உன் தாயார், "நம்ம சபைக் காரியத்த நாலு பேர் படிக்க எழுதலாமா?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். இந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. குடிகாரக் குருவானவர் ஒருவரை நாயகனாக்கி 1940-இல் கிரகாம் கிரீன் எழுதிய நாவல் ரோமாபுரி அதிகாரிகளின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பின்னொரு காலத்தில் பாப்பரசர் ஆறாம் பவுல் அவரைச் சந்தித்தபோது, அவருடைய புஸ்தகங்களில் சில பகுதிகள் கத்தோலிக்கர் சிலரைப் புண்படுத்தவே செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற கருத்தில் ஆறுதல் கூறினார். அப்படி ஆறுதல் சொல்ல உனக்கு ஒருவரும் வராமல் போகலாம். ஆனாலும் நம் கோவில்களுக்குள்ளே சாதி உட்கார்ந்திருந்த இடத்தை நாமே எழுதாமல் யார் எழுதுவார்கள்? வடக்கன்குளத்துக் கோவிலில் சாதியின் பொருட்டு எழுந்த பிரிவினைச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. எழுப்பியவர்களும் இடித்தவர்களும் ஒரே ஜெபமாலையை உருட்டியவர்களே. கன்னியர் மடத்தில் சேர்ந்து வெளியே வந்த பாமா, 1992-இல் 'கருக்கு' என்ற நூலை வெளியிட்டபோது அவருடைய ஊராரே கோபித்தார்கள். நீ எழுதும்போது பார்க்கவேண்டியது ஒன்றே: வெறுப்பினால் எழுதுகிறாயா, அந்த வீட்டுப் பிள்ளையாய் எழுதுகிறாயா என்பது. உன் தாயாருக்குக் கதையை அச்சேறுமுன் நீயே வாசித்துக் காட்டு. அவர்கள் அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திரு.

ஜெபமும் வராமல் எழுத்தும் வராமல் போகும் மாதங்கள் உனக்கு வரும். எனக்கு ஒருமுறை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அப்படிப் போயின. அந்நாட்களில் நான் செய்ததெல்லாம், காலையில் வழக்கமான நேரத்தில் மேஜையின்முன் உட்கார்ந்து, பழைய கதை ஒன்றைப் பிரதி எடுப்பதுதான்; உன் கதையில் வரும் அந்த அம்மாளைச் சந்தித்தபோதுதான் அந்நாட்களில் நான் செய்துகொண்டிருந்தது இன்னதென்று எனக்கு விளங்கிற்று.

கையெழுத்துப் பிரதியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசி மூன்று பக்கங்களின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நீ விரும்பினால் அழித்துவிடலாம். ஆனால் அதற்குமுன், அடுத்த சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் உங்கள் ஊர்க் கோவிலுக்குப் போ. பெருக்குகிறவர் யாராயிருந்தாலும் அவர் வேலை முடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிரு. பிறகு, உன் கதையில் அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைக்கும் அந்த வரியிலிருந்து மறுபடியும் எழுதத் தொடங்கு.

உன் அன்புள்ள அண்ணன்