ஒரு நகரம், இரு கொடிகள்

நுழையும்முன்

போட்டி இல்லாத விளையாட்டு இல்லை. ஆனால், போட்டி பகையாக மாறும் இடம் எது? ஒரே நகரத்தில், ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் வாழ்பவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்ற வரலாறு கொல்கத்தாவுக்கு உண்டு. நூறாண்டுகளைக் கடந்த அந்தக் கால்பந்துப் போட்டியின் வழியாக, இடம்பெயர்ந்து வந்த மக்கள் ஒரு நகரத்தில் தமக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்ட கதையையும் அறிவோம்.

எளாவூரில் தொடங்கும் வழி

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லைக்கு அருகில் அமைந்த ஊர் எளாவூர். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் இவ்வூரின் வழியே செல்கின்றன. அருகிலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு மேற்கு வங்கம், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் அந்தப் பாதை வழியாகவே வந்து சேர்கின்றனர். அவர்களுள் வங்காளி ஒருவரைச் சந்தித்தால், "மோகன் பகானா? ஈஸ்ட் பெங்காலா?" என்று கேட்டுப்பாருங்கள். மொழி தெரியாத தயக்கம் மறைந்து, அவர் முகம் மலர்வதைக் காணலாம். அந்த இரு பெயர்களுக்குள் அப்படி என்ன இருக்கிறது?

ஊருக்குள் போட்டி என்பது தமிழருக்குப் புதிதன்று. ஓணநாளில் மதுரை நகரின் சேரிகளைச் சேர்ந்த வீரர்கள் தமக்குள் எதிர்நின்று பொருததை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் காட்டுகிறார். சேரி என்னும் சொல் அக்காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பைக் குறித்தது. தம் பகுதியின் பெயரைக் காக்க விளையாடுவதும், அதைக் காண ஊரே திரள்வதும் நகர வாழ்வோடு ஒட்டிப் பிறந்தவை.

வெறுங்கால்கள் பெற்ற வெற்றி

வடகொல்கத்தாவில் 1889ஆம் ஆண்டு மோகன் பகான் கழகம் தொடங்கப்பட்டது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதிப்போட்டியில், ஆங்கிலேயப் படைப்பிரிவான ஈஸ்ட் யார்க்‌ஷயர் அணியை அது 2-1 என்னும் கோல் கணக்கில் வென்றது. மோகன் பகான் அணியின் பதினொருவருள் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலுடன் ஆடினர். சிபதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தனர். பூட்ஸ் அணிந்த ஆட்சியாளரை வெறுங்கால்கள் வென்ற அந்த நாள், விளையாட்டைக் கடந்து நாட்டுணர்வின் நாளாக மாறியது. அன்றைய வெற்றியில் வங்கம் முழுவதும் ஒன்றாக மகிழ்ந்தது.

ஒதுக்கப்பட்ட ஓர் ஆட்டக்காரர்

ஒன்றாக மகிழ்ந்த வங்கத்திற்குள்ளும் பிரிவுகள் இருந்தன. மேற்கு வங்கத்தின் பூர்வகுடிகள் 'கோட்டி' எனவும், கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்' எனவும் அழைக்கப்பட்டனர். பின்னதில் ஏளனமும் கலந்திருந்தது. பேச்சு வழக்கும் சமையல் முறையும்கூடக் கேலிக்கு உள்ளாயின.

1920 ஜூலை 28 அன்று மோகன் பகானுக்கு எதிராக ஆடவிருந்த ஜோராபாகன் அணியில், கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸ் சேர்க்கப்படவில்லை. அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி இதை ஏற்கவில்லை. அவர் கழகத்தை விட்டு விலகினார். அடுத்த சில நாள்களிலேயே, ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. ஓர் ஆட்டக்காரருக்கு மறுக்கப்பட்ட இடம், ஒரு மக்கள் கூட்டத்தின் இடமாக விரிந்தது. 1925 மே 28 அன்று கொல்கத்தா லீக் போட்டியில் இரு கழகங்களும் முதன்முறையாக மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்றது.

1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது, வீட்டையும் நிலத்தையும் இழந்த மக்கள் இலட்சக்கணக்கில் கொல்கத்தாவுக்கு வந்தனர். தொடர்வண்டி நிலையங்களிலும் முகாம்களிலும் தங்கி வாழ்ந்த அவர்களுக்கு, 'கிழக்கு வங்கம்' என்னும் இழந்த மண்ணின் பெயர் ஒரு கழகத்தின் பெயராக மட்டுமே அந்நகரில் உயிரோடு இருந்தது. அகதி என்று சுட்டப்பட்டவர்கள், சிவப்பும் பொன்னிறமும் கொண்ட கொடியின்கீழ் நின்று தலைநிமிர்ந்தனர். மோகன் பகானின் பச்சையும் அரக்குச் சிவப்பும் எதிரே பறந்தன. அடுக்களைவரை இப்போட்டி நுழைந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்பது வங்கத்து வழக்கம்.

தெரிந்து தெளிவோம்

1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்களத்தில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் மக்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று போற்றினர். ஐவரும் தென்னிந்தியர். இடம்பெயர்ந்தோர் கழகத்தின் புகழை இடம்பெயர்ந்து சென்ற தென்னாட்டவர் உயர்த்தினர்.

எல்லை மீறிய நாள்

போட்டி இருபுறமும் மாறிமாறி மகிழ்ச்சியைத் தந்தது. 1975இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப்போட்டியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என வென்றது. 2009இல் மோகன் பகான் 5-3 என வென்றது. 1997 ஜூலை 13 அன்று நடைபெற்ற கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியைச் சால்ட் லேக் அரங்கில் ஏறத்தாழ 1,31,000 பேர் கண்டனர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

ஆனால், இவ்வரலாற்றில் கறை படிந்த நாளும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன் அரங்கில் ஆதரவாளர்களிடையே மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. எந்தக் கோலும் ஈடுசெய்ய இயலாத இழப்பு அது. அந்நாளில் குருதிக்கொடை முகாம் நடத்தி இறந்தோரை நினைவுகூரும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. சிந்திய குருதிக்குக் கொடுக்கும் குருதியே விடையாயிற்று.

கைகோத்த எதிரணிகள்

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் அரசு மருத்துவமனை ஒன்றில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவரான இளம்பெண் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. ஆகஸ்ட் 18 அன்று நடைபெறவிருந்த துராந்த் கோப்பைப் போட்டி, பாதுகாப்புக் காரணங்களால் கைவிடப்பட்டது. ஆட்டம் இல்லை என்றபோதும் இரு கழகங்களின் ஆதரவாளர்களும் அரங்கின் வெளியே திரண்டு நீதி கேட்டனர். முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் ஆதரவாளர்களும் இணைந்தனர். ஓர் அணியின் ஆதரவாளர் எதிரணியின் ஆதரவாளரைத் தோளில் சுமந்து நின்ற காட்சியை நாடு கண்டது. நூறாண்டு எதிர்த்து நின்றவர்களால், வேண்டிய நேரத்தில் ஒருகணமும் தயங்காமல் சேர்ந்து நிற்க முடிந்தது. ஒருவரையொருவர் அவ்வளவு நன்றாக அறிந்திருந்ததே அதற்குக் காரணம்.

உலகின் பிற நகரங்களிலும் இத்தகைய கதைகள் உண்டு. கிளாஸ்கோவில் செல்டிக் கழகம், வறுமையில் வாடிய அயர்லாந்துக் குடியேறிகளுக்கு உதவும் நோக்கில் தொடங்கப்பட்டது. அயல்நாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது குறித்த கருத்து வேறுபாட்டால், மிலான் கழகத்திலிருந்து பிரிந்தவர்கள் 1908இல் இன்டர் மிலானைத் தொடங்கினர். பிரிந்த அவ்விரு கழகங்களும் பின்னாளில் ஒரே அரங்கையே தாயகமாகக் கொண்டன. புதிதாக வந்தவருக்கு இடம் உண்டா என்னும் கேள்வியே பல போட்டிகளின் வேராக இருப்பதை இவற்றால் உணரலாம்.

மீண்டும் எளாவூருக்கு வருவோம். இப்பகுதிக்கும் வந்தவர் பலர். வேலை தேடி வடக்கிலிருந்து வந்தவர்களும், போரினால் கடல் கடந்து வந்து கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழரும் நம் அண்டை வீட்டார். நம் ஊர்த் திடலில் அணி பிரிக்கும்போது அவர்களையும் பெயர் சொல்லி அழைக்கிறோமா? எதிரணியில் நிற்கவேனும் ஒருவருக்கு இடம் வேண்டும். திடலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் வெல்லவும் முடியாது, தோற்கவும் முடியாது. இடம் கொடுத்து எதிர்த்து ஆடுவதே பண்பு. ஆட்டம் முடிந்ததும் கைகொடுப்பது அதன் நிறைவு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் நடைபெறும் விளையாட்டுப் போட்டிகளில் ஊர்களுக்கிடையே நிலவும் போட்டியுணர்வைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டுத் தொகுப்புரை எழுதுக.
2. வேறு மாநிலத்திலிருந்து வந்து உங்கள் ஊரில் பணிபுரியும் ஒருவருடன் அவரது ஊரின் விளையாட்டைப் பற்றி உரையாடி, அதை வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா: ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றக் காரணமான நிகழ்வு யாது?
சிறுவினா: 1911ஆம் ஆண்டு வெற்றி நாட்டுணர்வின் நாளாக மாறியது ஏன்?
நெடுவினா: 'போட்டி வேறு, பகை வேறு' என்பதைக் கொல்கத்தாக் கால்பந்து வரலாற்றின் வழி நிறுவுக.