வரதய்யபாளையத்தின் குளிர்காலம்

டில்லியில் வேலை பார்க்கும் என் மைத்துனன் ஒரு டிசம்பர் மாதத்தில் தொலைபேசியில் கேட்டான்: “மாமா, இங்கே நாலு டிகிரி. உங்க ஊர்ல குளிர்காலம்னு ஒண்ணு உண்டா?” உண்டு என்றேன். சிரித்தான். அவனுக்கு அன்று சொன்னதைச் சற்று விரிவாக வாசக அன்பர்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது. நம்மில் பலர் வடக்கே பல்லாண்டு வாழ்ந்து, குளிர்காலம் என்றால் மூடுபனியும் வறண்ட காற்றும்தான் என்று பழகிவிட்டவர்கள். எங்கள் பக்கத்துக் கணக்கு வேறு.

வரதய்யபாளையம் 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். ஊருக்கு ரயில் இல்லை. கிழக்கே தடா நிலையம். சென்னை – கூடூர் பாதையில் உள்ளது. அதற்கும் கிழக்கே பழவேற்காடு ஏரி, ஸ்ரீஹரிகோட்டா, பிறகு வங்கக் கடல். மேற்கே காடும் மலையும். உப்பலமடுகு அருவி, அதாவது சென்னைக்காரர்கள் ‘தடா அருவி’ என்று சொல்வது, எங்கள் மண்டலத்தில்தான் இருக்கிறது. கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு சரிவில் ஊர் அமைந்திருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதே.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பகுதி நீரைக் கொட்டிவிட்டு வருகிறது. எங்களுக்கு மாலை நேரத்து இடிமழைதான் மிச்சம். அக்டோபரில் வடக்கே நிலம் குளிரத் தொடங்கியதும் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் சேர்ந்துகொள்கின்றன. அருகிலுள்ள சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, அதில் சுமார் 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஆக, வடக்கே குளிரைக் கொண்டுவரும் அதே பருவ மாற்றம் எங்களுக்கு வெள்ளத்தைக் கொண்டுவருகிறது.

பழைய சித்தூர் மாவட்டம் முழுவதும் இப்படி என்று எண்ண வேண்டாம். மேற்குக் கோடியில் மதனப்பள்ளி சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே குளிர் உண்டு, மழை குறைவு. அந்த உலர்ந்த காற்றுக்காகத்தான் ஆரோக்கியவரத்தில் காசநோய் மருத்துவமனையை அந்தக் காலத்தில் அமைத்தார்கள்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் நான். எங்களுக்குப் பஞ்சாங்கம் மூன்று ரோந்துகள்: வெயில்கால ரோந்து, மழைக்கால ரோந்து, குளிர்கால ரோந்து. இரும்புக்கு ஒரு டிகிரி வெப்பமும் கணக்கு. மே மாதப் பிற்பகலில் தண்டவாளம் 60 டிகிரியைத் தாண்டும். ஜனவரி விடியலில் 20-க்கு இறங்கும். இந்த 40 டிகிரி வித்தியாசத்தில் 13 மீட்டர் தண்டவாளம் 6 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். ஒரு கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 46 சென்டிமீட்டர்! பற்றவைத்த நீள் தண்டவாளத்தை அப்படி நீளவோ சுருங்கவோ விடாமல் ஸ்லீப்பரும் ஜல்லியும் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் வெயிலில் நெளியப் பார்க்கும்; குளிரில் இழுவிசை ஏறி, வெல்டிங்கில் எங்காவது குறை இருந்தால் விடியற்காலையில் முறியும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 13.9 டிகிரிதான், 1905 ஜனவரியில் அது பதிவானது. அந்த அளவு குளிரிலும் தண்டவாளத்தின் குறை வெளிப்பட்டுவிடும்.

ஆனால் எங்களை உண்மையில் தூங்கவிடாதது மழைக்கால ரோந்துதான். 1984 நவம்பர் 14 அன்று கடும்புயல் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையைக் கடந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிது. புயல் என்றால் காற்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகள் கழித்து ஒரு நவம்பரில் மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்தது. நான்காம் நாள் நல்ல வெயில். மாலையில் சிலுசிலுவென்று காற்று, இரவு வானம் நிறைய நட்சத்திரம். ஒரு சிறிய பாலத்தில் நிறுத்தியிருந்த காவலரை இனித் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு ரோந்துக்காரர் அந்த இடத்தைக் கடக்கும்போது நின்றிருக்கிறார். மேற்கே ஒரு கிராமத்து ஏரி, மழை நின்று ஒரு நாள் கழித்து உடைந்திருக்கிறது. பாலத்தை ஒட்டிய கரை அரித்து, ஸ்லீப்பர்கள் அந்தரத்தில் தொங்கின. அவர் தண்டவாளத்தில் வெடி வைத்து, சிவப்பு விளக்கு காட்டி, வந்துகொண்டிருந்த சரக்கு ரயிலை நிறுத்திவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “மழை இல்ல சார், ஆனா தண்ணிச் சத்தம் மாறிப்போச்சு” என்றார். வயதில் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர். எனக்கு அன்று பேச்சு வரவில்லை.

காரணம் எளிது. மலையில் பெய்த மழை ஓடைகளில் இறங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள ஏரிகளை நிரப்பி வர நேரமாகிறது. மேல் ஏரி உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழ் ஏரியின் தலையில் விழும். கலங்கலும் வரத்துக்கால்வாயும் தூர்ந்திருந்தால் கரை தாங்காது. 2005 அக்டோபர் 29 அன்று அப்போதைய ஆந்திரத்தின் வலிகொண்டா அருகே இப்படித்தான் ஏரி உடைந்து ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. டெல்டா பாசஞ்சரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 நவம்பர் 19 அன்று மலைக்கு அந்தப் பக்கம் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்தபோதும், ராஜம்பேட்டை – நந்தலூர் இடையே பாதை அறுந்தது.

மழையெல்லாம் வடிந்த பிறகு, மார்கழிக் கடைசியில்தான் நாங்கள் குளிர் என்று சொல்லக்கூடியது வருகிறது. மேகம் இல்லாத இரவில் நிலத்தின் சூடு தடையின்றி வானுக்குப் போய்விடுகிறது. விடியலில் புல்லெல்லாம் பனி. பழவேற்காட்டுப் பக்கம் மூடுபனியில் சிக்னல் தெரியாத காலைகளும் உண்டு. பனி மிகுந்தால் மாம்பூ கருகும் என்று தோட்டக்காரர்கள் கவலைப்படுவார்கள். ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதும் இந்த மாதங்களில்தான். கம்பளி தேவையில்லை, ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும்.

மைத்துனன் குடும்பத்தோடு அருவி பார்க்க நவம்பர் விடுமுறையில் வருவதாகச் சொன்னான். அருவியில் அப்போதுதான் தண்ணீர் நிறைய இருக்குமாம். உண்மைதான். ஆனால் மலையில் பெய்த மழை, வெயிலடிக்கும் பாறையில் நிற்பவனுக்குத் தெரியாது. ஜனவரிக் கடைசியில் வா, தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன். டிக்கெட் எடுத்துவிட்டானா என்று இன்னும் தகவல் இல்லை.