நீண்ட விமானப் பயணத்தில் குடும்பம் பிரியாமல் அமர்வது எப்படி?

தன்னாமுனையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் வழியாக இரவிரவாக வான் பிடித்துப் போகும்போது, யார் எங்கே இருப்பது என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். விமானத்தில் ஆசனங்களைப் பங்கிடுவது கணினி. நீங்கள் ஒரு குடும்பம் என்று அதற்குத் தெரியாவிட்டால், நாலு வயதுப் பிள்ளை 31ஆம் வரிசையிலும் தாய் 44ஆம் வரிசையிலும் இருக்க நேரலாம். தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மா, கழிவறை எங்கே என்று கேட்கவும் ஆளின்றிப் பல மணி நேரம் தனியே இருக்க நேரலாம். இதைத் தவிர்க்கும் வழிகளை இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. கணினிக்கு ஏன் தெரிவதில்லை?

எங்கள் பெயர்கள் ஒரு காரணம். பெரும்பாலும் தகப்பனின் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகக் கடவுச்சீட்டில் இருக்கும். தகப்பனின் கடவுச்சீட்டில் அவருடைய தகப்பனின் பெயர் இருக்கும். தாய் சிலவேளை தன் தகப்பனின் பெயரோடும், சிலவேளை கணவரின் பெயரோடும் இருப்பார். அம்மம்மாவின் பெயர் வேறு. ஆக, ஒரே வீட்டில் ஐந்து பேருக்கு மூன்று நான்கு குடும்பப் பெயர்கள். பெயரை மட்டும் பார்ப்பவருக்கு நீங்கள் ஒருவரையொருவர் அறியாத பயணிகள்.

உங்களை ஒன்றாகக் கட்டுவது பயணச்சீட்டில் உள்ள பதிவு இலக்கம். அது ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்து, பொதுவாக ஆறு இடங்களில் இருக்கும்.

2. பயணச்சீட்டு எடுக்கும்போது

• எல்லோருக்கும் ஒரே பதிவு இலக்கத்தில் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்.
• சிலருக்கு வெளிநாட்டு உறவினரும் மற்றவர்களுக்கு நீங்களும் சீட்டு எடுத்திருந்தால் இரண்டு இலக்கங்கள் இருக்கும். இரண்டையும் இணைத்து, “ஒரே குடும்பம்” என்று குறிப்பு எழுதும்படி முகவரிடம் அல்லது விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.
• பிள்ளைகளின் பிறந்த திகதி சரியாகப் பதியப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில் பயணிக்கலாம். தொட்டில் வசதி உள்ள ஆசனங்கள் சிலவே. அதை முன்கூட்டியே கேளுங்கள்.
• புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு உங்கள் பயணத்தை ஒழுங்கு செய்தால், யார் யாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பயணத்துக்கு முன்பே அதன் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

3. யாரை எங்கே இருத்துவது?

பெரிய விமானங்கள் பலவற்றில் ஒரு வரிசையில் 3–4–3 அல்லது 3–3–3 என்று ஆசனங்கள் இருக்கும். ஐந்து பேருக்கு ஒரே பகுதியில் இடம் கிடைக்காது. மூவர் ஒரு வரிசையிலும் இருவர் அதற்கு நேர் பின்னாலும் இருந்தால் போதும். ஒவ்வொரு சிறு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். முதியவரை நடைபாதை ஓரத்தில் இருத்துங்கள். எழுந்து நடக்க வசதி.

அவசர வழி ஓரத்து ஆசனங்களில் பிள்ளைகளை இருத்த மாட்டார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு கைக்குழந்தைகள் இருந்தால், மேலதிக ஒட்சிசன் முகமூடிகளின் எண்ணிக்கை காரணமாக, இரண்டு தாய்மாரையும் வெவ்வேறு பகுதிகளில் இருத்தக்கூடும். அது பாதுகாப்புக்காக.

4. விமான நிலையத்தில்

• குறைந்தது மூன்று மணி நேரத்துக்கு முன் போய்ச் சேருங்கள். பிந்தினால் தனித்தனி ஆசனங்களே மிஞ்சும்.
• செக்-இன் கவுன்ரருக்கு எல்லோரும் ஒன்றாகப் போங்கள். உறவைக் காட்டப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை ஆங்கில மொழிபெயர்ப்புடன் கைப்பையில் வைத்திருங்கள்.
• கேட்க வேண்டிய வசனம்: “வீ ஆர் வன் பமிலி. பிளீஸ் சீற் மை சைல்ட் நெக்ஸ்ற் டு மீ.”
• கவுன்ரரை விட்டு நகர முன் போர்டிங் பாஸ்களை அடுக்கி, ஆசன இலக்கங்களைப் பாருங்கள். தோகா, டுபாய் போன்ற இடங்களில் மாறினால் இரண்டாவது விமானத்துக்கும் பாருங்கள். முதல் விமானத்தில் சேர்ந்திருந்தவர்கள் அடுத்ததில் பிரியலாம்.
• பிரிந்திருந்தால் விமான வாசலில் உள்ள ஊழியரிடம் திரும்பக் கேளுங்கள். உள்ளே போன பின்பும் பணியாளரிடம் கேட்கலாம். பக்கத்துப் பயணியிடம் இடம் மாறக் கேட்டால், அவருடையதைவிட நல்ல ஆசனத்தைக் கொடுங்கள். நடு ஆசனத்துக்காக ஓர ஆசனத்தை விட்டுத்தரப் பலர் விரும்புவதில்லை.

5. கனடா செல்வோருக்கு

2019 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள கனடிய விதிகளின்படி, கனடாவுக்குச் செல்லும் விமானங்களில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கு அருகில் இருத்த, மேலதிகக் கட்டணமின்றி நிறுவனம் வழிசெய்ய வேண்டும். 4 வயதும் அதற்குக் கீழும் என்றால் பக்கத்து ஆசனம். 5 முதல் 11 வரை என்றால் அதே வரிசையில், இடையில் ஓர் ஆசனத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல். 12, 13 வயது என்றால் ஒரு வரிசைக்கு மேல் விலகாமல். ஆகவே, பிள்ளைக்காகக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அது சலுகை அல்ல.

செய்து பாருங்கள்

வீட்டில் கதிரைகளை மூன்றும் இரண்டுமாக முன்பின்னாக அடுக்குங்கள். குடும்பத்தவர் எல்லோரும் அமர்ந்து, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைத் தீர்மானியுங்கள். அதை ஒரு தாளில் பெயர், வயதுடன் ஆங்கிலத்தில் எழுதிக் கடவுச்சீட்டுகளுடன் வையுங்கள். மேலே உள்ள ஆங்கில வசனத்தை வீட்டில் இருவராவது பாடமாக்குங்கள்.