பாட்டை மிக்ஸ் செய்யலாம் வாங்க!

ஜூன் 21 உலக இசை நாள். 1982-ல் பிரான்சில் தொடங்கிய இந்தத் திருவிழா எங்கள் புதுச்சேரியிலும் நடக்கிறது. அந்தச் சமயத்தில், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது: “பாட்டை ரெக்கார்ட் செய்துவிட்டேன். சினிமாப் பாட்டு போல ஒலிக்கவில்லையே, ஏன்?”

காரணம், பதிவு பாதி வேலைதான். மீதி, மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும். ஏ.ஆர். ரஹ்மானின் ஸ்டூடியோவும் 1989-ல் கோடம்பாக்கத்தில் அவர் வீட்டை ஒட்டி உருவானதுதான். அவரது பல பாடல்களுக்கு ஒலிப்பொறியாளராக இருந்த எச். ஸ்ரீதர் (மறைவு 2008), ‘மகாநதி’, ‘லகான்’ உட்பட 4 படங்களுக்குத் தேசிய விருது பெற்றவர். பாடுபவருக்கு அடுத்து இவர்கள் காதுதான் முக்கியம்.

நமக்கு இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும்.

பதிவு: பேனை நிறுத்திவிடுங்கள். நான் விடியற்காலையில்தான் பதிவு செய்வேன். தெருவில் ஹார்ன் சத்தம் இருக்காது. மீட்டர் -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 0-ஐத் தாண்டினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும்.

மிக்ஸிங்: குரல், தபேலா, கீபோர்டு ஒவ்வொன்றும் தனி ட்ராக்கில் இருக்கட்டும். முதலில் குரலை மட்டும் கேளுங்கள். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ட்ராக்கின் இடப்பக்கமுள்ள ஸ்லைடரால் அளவைக் கூட்டிக் குறையுங்கள். குரல் நடுவில், கருவிகள் சற்று இடமும் வலமுமாக இருந்தால் வார்த்தைகள் தெளியும். ஹை-பாஸ் ஃபில்டரில் 80 ஹெர்ட்ஸ் கொடுத்தால் குரல் ட்ராக்கின் அடியில் உள்ள உறுமல் குறையும். ட்ராக்குகள் சேரும்போது சத்தமும் கூடும். ஒரே மாதிரி இரண்டு ட்ராக்குகள் சேர்ந்தால் 6 டெசிபல் ஏறும். அதனால் மீட்டரை மறக்காதீர்கள். முடிந்ததும் வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

மாஸ்டரிங்: ஒரு நாள் காதுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு அந்த வேவ் பைலைப் புதிதாகத் திறந்து, எபெக்ட் மெனுவில் லவுட்னஸ் நார்மலைசேஷனில் -14 கொடுங்கள். அடுத்து லிமிட்டரில் -1. இதற்கு மேல் ஏற்றிப் பயனில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் அதிகச் சத்தமான பாட்டைத் தாமே குறைத்துவிடும். ஹெட்போன், சிறிய ஸ்பீக்கர், மொபைல் மூன்றிலும் கேட்டுப் பாருங்கள். எம்பி3 கடைசியில்தான்.

ஒரு எச்சரிக்கை. முத்தியால்பேட்டை நண்பர் ஒருவர் தன் பாட்டியின் தாலாட்டைக் கொண்டுவந்தார். சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றிய எம்பி3 மட்டும் இருந்தது; ஒரிஜினலை அழித்துவிட்டார். பாட்டி இன்று இல்லை. வெட்டுப்பட்ட ஒலியை முழுதாக மீட்க எந்த சாஃப்ட்வேராலும் முடியாது. எனவே ஒரிஜினல் பைலைத் தொடாதீர்கள். வேவ் பைல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பிதான். காப்பி எடுத்துப் பென்டிரைவிலும் வையுங்கள். மிக்ஸ் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். அந்தக் குரல் ஒரு முறைதான்.