ஒரு புள்ளி வாகை

ஐ-லீக் வாகையைத் தமிழகக் கழகமொன்று முதன்முதலாகச் சூடிய நாள் 2019 மார்ச்சுத் திங்கள் 9 ஆகும். பெயரில் சென்னையையும் ஆடுகளத்திற்குக் கோவையையும் கொண்ட சென்னை சிட்டி கழகம், முந்திய இரு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பகுதியில் உழன்றதாகும். அன்று அது மினர்வா பஞ்சாபை எதிர்த்தது. ஒரே புள்ளி பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

தொடக்கத்திலேயே பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது! இடைவேளைவரை அதற்கு விடையில்லை. பின்னர்ப் பெட்ரோ மான்சி பெனால்டி உதையால் சமன் செய்தார். எஞ்சிய இரு கோல்களையும் அடித்தவர், கோல் தடுப்பதையே தொழிலாகக் கொண்ட தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா! ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆயினும் அதற்கு 42 புள்ளிகள், சென்னைக்கு 43.

அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்த மான்சி 2020இல் ஜப்பானுக்குச் சென்றார். 2021-22ஆம் பருவ ஐ-லீக் பட்டியலில் அக்கழகத்தின் பெயரே இல்லை.