மறதிக்கு மாத்திரைதான் காரணமா? அக்காவின் டிப்ஸ்

"அப்பாவுக்கு மறதி கூடிடுச்சுக்கா. கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்கும் தங்கச்சிகளே, நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

1. சந்தேகம் வீண் இல்லை: ஸ்டாடின் என்ற வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையால் சிலருக்கு மறதி, குழப்பம் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012-ல் மருந்துக் குறிப்பில் சேர்த்தது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றும் சொன்னது. ஆனால், 70 முதல் 82 வயதுக்காரர்களிடம் பிரவாஸ்டாடின் என்ற ஸ்டாடினைச் சோதித்த 'ப்ராஸ்பர்' ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களின் ஞாபகசக்தி மற்றவர்களைவிடக் குறையவில்லை.

2. தேதி குறியுங்கள்: மாத்திரை தொடங்கியது, டோஸ் கூட்டியது, மறதி தெரிந்தது என மூன்றையும் காலண்டரில் எழுதுங்கள். மறதி முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்பது டாக்டருக்கு முக்கியம்.

3. ரத்தப் பரிசோதனை: பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை நான்கையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். தைராய்டு சுரப்பு குறைந்தால் மறதியும் வரும், கொலஸ்ட்ராலும் ஏறும்.

4. மருந்துப் பையோடு போங்கள்: தூக்க மாத்திரை, கடையில் நாமே வாங்கும் அரிப்பு, சளி மாத்திரைகூட வயதானவர்களைக் குழப்பும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அடார்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் ஆகிய ஸ்டாடின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பை முழுவதையும் டாக்டர் பார்க்கட்டும்.

5. இப்படிக் கேளுங்கள்: "டோஸைக் குறைக்கலாமா? வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாமா? சில வாரம் நிறுத்திப் பார்க்கலாமா?" அடார்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் கொழுப்பில் கரைபவை. ரோசுவாஸ்டாடின், பிரவாஸ்டாடின் நீரில் கரைபவை. நீரில் கரைபவை மூளைக்குள் அவ்வளவாகப் போகாது என்பதால் சில டாக்டர்கள் மாற்றித் தருவதுண்டு. நிறுத்தச் சொன்னால், எப்போது திரும்பக் காட்ட வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

6. இவர்கள் கூடுதல் கவனம்: ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து கூடும். பக்கவாதமே ஞாபகத்தைப் பறிக்கும்.

7. காத்திருக்கக் கூடாத நேரம்: திடீர்க் குழப்பம், பேச்சுக் குழறல், வாய் கோணல், ஒரு கை பலமிழப்பு எதுவானாலும் மாத்திரை மேல் பழி போட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.