இளநிலைப் பட்டப்படிப்பில் நரம்பியல் விஞ்ஞானம்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவன் ஒருவன் மூளையைப் பற்றிக் கற்க விரும்புவதாகக் கூறினால், அவனுக்கு மூன்று விதமான அறிவுரைகள் கிடைக்கும். மருத்துவக் கல்லூரியில் சேர் என்பார் ஒருவர். உளவியல் படி என்பார் மற்றொருவர். உயிரியலில் பட்டம் பெறு என்பார் மூன்றாமவர். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் நரம்பியல் விஞ்ஞானம் என்னும் துறைக்கு எவ்வழியே செல்வது என்ற கேள்விக்கு இவற்றுள் எதுவும் முழு விடையாகாது. அண்மையில் இளநிலைப் பட்டப்படிப்பின் அமைப்பே மாறி வருவதால், இக்கேள்வி மாணவர்க்கு மட்டுமின்றிப் பாடத்திட்டம் வகுப்போருக்கும் கல்வி நிர்வாகிகளுக்கும் உரியதாகிறது.

துறை உருவான விதம்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றின் வடிவையும் செயலையும் ஆராய்ந்தவர்கள் ஒரே துறையினின்று வந்தவர்கள் அல்லர். 1873 ஆம் ஆண்டில் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்பணுவுக்கு நிறமேற்றும் முறையைக் கண்டறிந்த இத்தாலியரான கோல்கி ஒரு மருத்துவர். அம்முறையைப் பயன்படுத்தி நரம்பணுக்கள் தனித்தனி அலகுகளே என்று காட்டியவர் ஸ்பெயின் நாட்டின் கஹால். இருவரும் 1906 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கணவாயின் பருத்த நரம்பிழையில் மின்துடிப்பு எவ்வாறு பரவுகிறது என்பதை 1952 இல் கணிதச் சமன்பாடுகளால் விளக்கியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். அச்சமன்பாடுகளுக்கு ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப் பொறியைக் கொண்டே விடை கண்டார். பார்வைப் புலனை மூளை கையாளும் முறையை ஆராய்ந்து 1981 இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ஹியூபல், கல்லூரியில் கற்றது கணிதமும் பௌதிகமும். நினைவாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 2000 இல் அப்பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான கேண்டல், ஹார்வர்டில் பட்டப்படிப்புக்கு எடுத்துக்கொண்ட பாடம் வரலாறும் இலக்கியமும்.

இவ்வாறு பல துறைகளில் சிதறிக்கிடந்த ஆராய்ச்சிக்கு ஒரு பொதுப்பெயர் நிலைத்தது 1960 களில்தான். 1966 இல் ஹார்வர்டில் நரம்புயிரியலுக்கெனத் தனித்துறை ஏற்பட்டது. 1969 இல் அமெரிக்காவில் இத்துறையினருக்கான சங்கம் தோன்றியது. 1973 இல் அந்நாட்டின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் இளநிலை மாணவர்க்கெனவே நரம்பியல் விஞ்ஞானப் படிப்பு தொடங்கப்பட்டது. பின்னர் பல கல்லூரிகள் இதனைப் பின்பற்றின. அங்கெல்லாம் இப்படிப்பில் சேரும் மாணவன் உயிரியலோடு இரசாயனம், பௌதிகம், கணிதம், உளவியல் ஆகியவற்றையும் முறையாகக் கற்ற பின்னரே மூளை பற்றிய உயர்நிலைப் பாடங்களை எடுக்கிறான் என்பது கவனிக்கத்தக்கது.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் மருத்துவத்தைச் சார்ந்தே அமைந்தது. 1949 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1951 இல் இந்திய நரம்பியல் சங்கம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் பி. கே. ஆனந்த், அமெரிக்கரான பிரோபெக்குடன் சேர்ந்து, எலியின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியின் பக்கவாட்டில் உணவு உட்கொள்ளத் தூண்டும் மையம் உள்ளது எனக் காட்டினார். இது உலக அளவில் மதிக்கப்பெற்ற கண்டுபிடிப்பாகும். பெங்களூரில் 1954 இல் ஏற்பட்ட அகில இந்திய மனநல நிலையமும் அங்கிருந்த அரசு மனநோய் மருத்துவமனையும் 1974 இல் ஒன்றிணைக்கப்பட்டு, தேசிய மனநல மற்றும் நரம்பு விஞ்ஞான நிலையம், அதாவது நிம்ஹான்ஸ், உருவாயிற்று.

மருத்துவத்துக்கு வெளியிலும் ஒரு மரபு வளர்ந்தது. அலிகாரில் தாவரவியல் பயின்று, பின்னர் கிளாஸ்கோவில் மரபியல் ஆராய்ச்சி செய்த ஒபைத் சித்திக்கி, பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பழ ஈக்களைக் கொண்டு மணமும் சுவையும் உணரப்படும் விதத்தை ஆராய்ந்தார். விலை மிக்க கருவிகளைக் காட்டிலும் கூர்மையான கேள்வியும் மரபியல் அறிவுமே அப்பணிக்கு மூலதனமாயின. பெங்களூரின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையம் அவருடைய முயற்சியால் பிறகு உருவானதே. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 1999 இல் ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை ஏற்படுத்தியது. இந்திய விஞ்ஞான நிலையத்திலும் நரம்பியல் விஞ்ஞானத்துக்கெனத் தனி மையம் உண்டு.

இந்நிறுவனங்களின் முதன்மையான பணி முதுநிலைப் பயிற்சியும் ஆராய்ச்சியுமே. இளநிலைப் பட்டத்தில் இதனைத் தனி முதன்மைப் பாடமாகக் கற்பிக்கும் இடங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. விலங்கியல், உயிர்வேதியியல், பௌதிகம், உளவியல், பொறியியல் முதலிய பட்டங்களுடன் வருவோரே ஆராய்ச்சிக் கூடங்களில் பெரும்பாலோர்.

தேவையின் அளவு

இத்துறைக்கு ஆட்கள் தேவை என்பதில் ஐயமில்லை. 1990 இல் நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் தொற்றாத நரம்பு நோய்களின் பங்கு 4.0 விழுக்காடு, 2019 இல் அது 8.2 விழுக்காடாயிற்று. இங்கு நோய்ச் சுமை என்பது அகால மரணத்தாலும் ஊனத்தாலும் இழக்கப்படும் ஆண்டுகளின் கூட்டுத்தொகையாகும். நரம்பு நோய்ச் சுமையில் பக்கவாதமே மிகப் பெரிய பங்கினது. 2015-16 இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுக்கு உட்பட்டிருந்தனர். மக்கள்தொகையில் முதியோர் பங்கு உயர உயர, மறதி நோய் முதலானவையும் பெருகும்.

ஆயினும் இத்தேவையை ஒரு புதிய பட்டத்தின் தேவையாக உடனே மாற்றிக் கணக்கிடுவது பொருந்தாது. நோயாளிக்குச் சிகிச்சையளிப்பவர் மருத்துவர். நரம்பு நோய் நிபுணராக வேண்டுமெனில் நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., ஓராண்டு உள்ளகப் பயிற்சி, மூன்றாண்டு எம்.டி., மூன்றாண்டு டி.எம். என ஏறத்தாழ பதினொன்றரை ஆண்டுகள் பயில வேண்டும். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவு அவசியம். நரம்பியல் விஞ்ஞானத்தில் பெறும் பி.எஸ்ஸி. பட்டம் இவ்விரண்டில் எதற்கும் உரிமம் ஆகாது. இவ்வேறுபாட்டை அறியாமல் சேரும் மாணவனுக்கு மூன்றாண்டுகளுக்குப் பின் ஏமாற்றமே மிஞ்சும்.

பட்டத்தின் பெயர்

இங்கு மற்றொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. அரசுப் பணி விதிகளிலும் ஆசிரியர் நியமன விதிகளிலும் முதுநிலைச் சேர்க்கை விதிகளிலும் தகுதியான பட்டங்கள் பெயர் குறிப்பிட்டே கூறப்படுவது வழக்கம். விலங்கியல் என்றும் பௌதிகம் என்றும் விதியில் உள்ள இடத்தில், புதிய பெயருடைய பட்டத்தைக் கொண்டு வருபவர் இணைத்தன்மைச் சான்றுக்காக அலைய நேரிடும். வசதியுள்ள குடும்பத்து மாணவன் இத்தாமதத்தைத் தாங்கிக்கொள்வான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவனால் அது இயலாது. புதிய பட்டம் ஒன்றை அறிவிக்கும் பல்கலைக்கழகம், அப்பட்டத்தைப் பெறுவோர் எந்தெந்த மேற்படிப்புக்கும் பணிக்கும் தகுதியுடையர் என்பதைச் சேர்க்கைக்கு முன்னரே எழுத்தில் கூறுதல் வேண்டும்.

கற்க வேண்டிய அடிப்படைகள்

பெயரைவிட முக்கியமானது பாடத்தின் உள்ளடக்கம். ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காணலாம். நரம்பணுவின் உள்ளே ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் பொட்டாசியம் உள்ளது. வெளியே 5 மில்லிமோல் அளவே. பொட்டாசியம் அணுச்சவ்வின் வழியே வெளியே கசியும்போது, நேர்மின்னேற்றமும் உடன் செல்வதால் உட்புறம் எதிர்மின்னேற்றம் அடைகிறது. அம்மின்னேற்றம் பொட்டாசியத்தை மீண்டும் உள்நோக்கி இழுக்கிறது. இரு விசைகளும் சமப்படும் மின்னழுத்தத்தைக் காண, உடல் வெப்பநிலையில் 61 மில்லிவோல்ட்டை, வெளியுள்ள செறிவை உள்ளுள்ள செறிவால் வகுத்து வரும் எண்ணின் மடக்கையால் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ கழித்தல் 88 மில்லிவோல்ட். உண்மையான நரம்பணுவில் சிறிதளவு சோடியம் உள்ளே கசிவதால், ஓய்வு நிலையில் அளவிடப்படுவது கழித்தல் 70 மில்லிவோல்ட் அளவாகும்.

நரம்பியல் விஞ்ஞானத்தின் முதல் பாடமே இதுதான். இதில் செறிவு இரசாயனத்தைச் சார்ந்தது. மின்னழுத்தம் பௌதிகத்தைச் சார்ந்தது. மடக்கை கணிதத்தைச் சார்ந்தது. அணுச்சவ்வு உயிரியலைச் சார்ந்தது. பள்ளியில் கணிதத்தைக் கைவிட்டு உயிரியலை மட்டும் எடுத்த மாணவன் இங்கேயே தடுமாறுவான். கணிதத்தை எடுத்து உயிரியலைக் கைவிட்டவன் அடுத்த பாடத்தில் தடுமாறுவான். ஆகவே இத்துறையை நாடுவோர் எப்பட்டத்தில் சேர்ந்தாலும் நுண்கணிதம், புள்ளியியல், அணு உயிரியல், மின்னியல், கணிப்பொறி நிரல் எழுதுதல் ஆகிய ஐந்திலும் அடிப்படைத் தேர்ச்சி பெறுவது இன்றியமையாதது. மூளையின் பாகங்களது பெயர்களைப் பின்னரும் கற்கலாம். இந்த ஐந்தையும் பிற்காலத்தில் தானே கற்றுக்கொள்வது கடினம்.

புதிய கட்டமைப்பு தரும் வாய்ப்பு

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான புதிய கட்டமைப்பை வெளியிட்டது. இதன்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகளும், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட்டுகளும் வேண்டும். நான்காண்டுப் படிப்பில் முதன்மைப் பாடத்துக்கு 80 கிரெடிட்டுகளும் துணைப் பாடத்துக்கு 32 கிரெடிட்டுகளும் குறைந்த அளவாக வகுக்கப்பட்டுள்ளன. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றோர் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட்டுகளுக்கான ஆராய்ச்சியை மேற்கொள்ளலாம். மாநிலங்கள் எல்லாம் இதனை ஒரே விதமாக ஏற்கவில்லை; எனினும் இதிலுள்ள துணைப் பாடம் என்னும் ஏற்பாடு நரம்பியல் விஞ்ஞானத்துக்கு மிகப் பொருத்தமானது.

விலங்கியலையோ பௌதிகத்தையோ முதன்மைப் பாடமாகக் கொண்ட மாணவன், துணைப் பாடமாக நரம்பியல் விஞ்ஞானத்தைக் கற்று, நான்காம் ஆண்டில் அதிலேயே ஆராய்ச்சி செய்தால், விதிகள் ஏற்கும் பட்டமும் விரும்பிய துறையின் பயிற்சியும் ஒருங்கே கிடைக்கும். கல்லூரிக்குப் புதிய துறையோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. இருக்கும் துறைகளின் ஆசிரியர்கள் பாடங்களைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆசிரியர் இல்லாத பாடங்களை ஸ்வயம் இணையவழிப் பாடங்களால் நிறைவு செய்யலாம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இவ்வாறு ஏற்க 2021 இன் விதிமுறைகள் இடமளிக்கின்றன.

செய்முறைப் பயிற்சிக்கும் வழி உண்டு. விலங்குகளை அறுத்துப் பார்க்கும் பழைய முறையைக் கைவிடுமாறு மானியக் குழு 2014 இல் பணித்தது. இதனால் இழப்பு ஏதுமில்லை. ஒருவர் பிடித்திருக்கும் அளவுகோலைத் திடீரென விட, மற்றவர் அதைப் பிடிக்கும் எளிய சோதனையையே எடுத்துக்கொள்ளலாம். அளவுகோல் 20 செ.மீ. விழுந்திருந்தால் கண்டு செயற்பட ஆன நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி. கண்ணை மூடித் தொடுகையால் உணர்த்தினாலும், ஒலியால் உணர்த்தினாலும் இந்நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை வகுப்பு முழுவதும் அளந்து, புள்ளியியலால் ஒப்பிடலாம். பழ ஈக்களைப் புட்டிகளில் வளர்த்து எம்மணத்தை நாடுகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட கருவின் மூளைப் படத்தொகுப்பாகிய 'தரணி' போன்றவை எவரும் பார்க்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. கணிப்பொறியும் இணைய வசதியும் உள்ள மாவட்டக் கல்லூரியிலும் இவற்றைக் கொண்டு பயிலலாம். கோடை விடுமுறையில் ஆராய்ச்சி நிலையங்களில் இரு மாதங்கள் பணிபுரிய, மூன்று விஞ்ஞானக் கழகங்கள் இணைந்து நடத்தும் உதவித்தொகைத் திட்டமும் உண்டு. கல்லூரி முதல்வர்கள் இதன் விண்ணப்பக் காலத்தை மாணவர்க்கு உரிய நேரத்தில் அறிவித்தாலே பெரும்பயன் விளையும்.

செய்ய வேண்டியவை

மாணவர்கள் முதலில் தங்கள் நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நோய் தீர்ப்பதே நோக்கமாயின் மருத்துவமே வழி. மனக்குறையுற்றோருக்கு ஆலோசனை வழங்க விரும்பின் உளவியலும் அதன் பதிவுமுறையும் உள்ளன. மூளை எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய விரும்புவோர், அருகிலுள்ள நல்ல கல்லூரியில் அடிப்படை விஞ்ஞானப் பட்டம் ஒன்றில் சேர்ந்து, மேற்கூறிய ஐந்து அடிப்படைகளையும் திடமாகக் கற்பதே சிறந்த தொடக்கமாகும்.

பல்கலைக்கழகங்கள் துணைப் பாடத்தை வகுப்பதில் முந்த வேண்டும். அரசுத் துறைகள் இணைத்தன்மை ஆணைகளைக் காலதாமதமின்றி வெளியிட வேண்டும். தாவரவியல் கற்றவரும் வரலாறு கற்றவரும் இத்துறையை வளப்படுத்தியதற்குக் காரணம், இடையே கதவுகள் மூடப்படாமல் இருந்ததே. அக்கதவுகள் நம் மாவட்டக் கல்லூரி மாணவர்க்கும் திறந்திருக்குமாறு செய்வது, செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததுமான கல்வி முதலீடாக அமையும்.